இரத்தப் பரிசோதனை அறிக்கையிலும் உணவுப் பொட்டலத்திலும் வரும் சொற்களை எப்படிப் படிப்பது?

முல்லை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 62 வயதான என் அம்மாவுக்கு அண்மையில் இரத்தப் பரிசோதனை செய்தோம். அறிக்கை கைக்கு வந்துவிட்டது. மருத்துவரைப் பார்க்க இன்னும் சில நாட்கள் உள்ளன. அதற்குள், அதில் அச்சாகியிருக்கும் சொற்கள் எதைக் குறிக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைச் சரியாகக் கேட்கலாம் என்பதற்காகவே எழுதுகிறேன். நோய் இருக்கிறதா, எந்த மருந்து நல்லது என்பவற்றை இங்கே கேட்கும் எண்ணம் எனக்கில்லை.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 98 மில்லிகிராம். ஹெச்பிஏ1சி 6.1 சதவீதம். மொத்தக் கொலஸ்ட்ரால் 212, எல்டிஎல் 138, ஹெச்டிஎல் 46, டிரைகிளிசரைடு 140. ஹீமோகுளோபின் 10.6, ஃபெரிட்டின் 9. இவற்றில் சர்க்கரை 98 என்பது இயல்பு என்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த வரியிலேயே ஹெச்பிஏ1சி 6.1 என்பது வரம்பைத் தாண்டியதாகத் தடித்த எழுத்தில் இருக்கிறது. ஒரே நாளில், ஒரே இரத்தத்தில் எடுத்த இரண்டு எண்களும் ஏன் இப்படி முரண்படுகின்றன? எதை நம்புவது?

இரண்டாவது கேள்வி, வீட்டில் இப்போது வாங்கும் ஓட்ஸ் பிஸ்கட் பற்றியது. பொட்டலத்தின் முகப்பில் ‘சுத்திகரிக்கப்பட்ட சர்க்கரை இல்லை’, ‘டிரான்ஸ் கொழுப்பு 0’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பின்புறத்தில் 100 கிராமுக்கு ஆற்றல் 1,970 கிலோ ஜூல், கார்போஹைட்ரேட் 66 கிராம், அதில் சர்க்கரைகள் 22 கிராம், கொழுப்பு 18 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு 8 கிராம், புரதம் 8 கிராம், நார்ச்சத்து 6 கிராம், சோடியம் 480 மில்லிகிராம் என்று இருக்கிறது. சேர்மானங்களில் கோதுமை மாவு, ஓட்ஸ், பாமாயில், செறிவூட்டிய பழச்சாறு, தேன், உப்பு ஆகியவை உள்ளன. சர்க்கரை இல்லை என்றால் அந்த 22 கிராம் எங்கிருந்து வந்தது? குறைந்த கிளைசீமிக் இண்டெக்ஸ் கொண்ட உணவு என்றும் ஒரு முத்திரை இருக்கிறது. அதை எவ்வளவு பொருட்படுத்தலாம்? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஆய்வகன் (மறுமொழி)

மருத்துவ ஆய்வகத்தில் பணியாற்றுபவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். அந்த இரண்டு எண்களும் ஒரே இரத்தத்திலிருந்து வந்தவை என்றாலும், அவை அளந்தது ஒரே பொருளை அன்று. ஒரே காலத்தையும் அன்று. குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளாத நிலையில், ஊசி குத்திய அந்தக் கணத்தில் இரத்தத்தில் எவ்வளவு குளுக்கோஸ் இருந்தது என்பதை 98 சொல்கிறது. ஹெச்பிஏ1சி என்பதோ, சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை பங்கின் மீது குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதன் சதவீதம். சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. ஒட்டிய குளுக்கோஸ் அந்த அணு அழியும்வரை அதனுடனேயே இருக்கிறது. ஆகவே இந்தச் சதவீதம் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது. அதிலும் ஏறத்தாழ பாதி அளவு கடைசி ஒரு மாதத்தின் பங்கு.

வழக்கமாகப் பின்பற்றப்படும் வரம்புகளின்படி வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்குக் கீழ் இயல்பு, 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 126 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய்க்கான எல்லை. ஹெச்பிஏ1சியில் இந்த எல்லைகள் 5.7, 6.5 ஆகியவை. ஹெச்பிஏ1சியைச் சராசரிச் சர்க்கரையாக மாற்ற, அதை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழிக்க வேண்டும், 6.1 என்பதற்கு அது சுமார் 128 வருகிறது. காலையில் 98 இருப்பவருக்கு நாள் முழுவதன் சராசரி 128 இருக்க முடியுமா என்றால், முடியும். உணவுக்குப் பிறகு சர்க்கரை அதிகமாக ஏறி மெதுவாக இறங்குபவர்களிடம் இதுதான் நடக்கிறது, அவர்களுடைய காலை அளவு வெகுநாள் இயல்பாகவே இருக்கும்.

ஆனால் உங்கள் அம்மாவின் அறிக்கையில் இன்னொரு காரணமும் கண்ணுக்கு நேரே இருக்கிறது; அதை நீங்கள் கேள்வியில் கேட்கவில்லை என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஹீமோகுளோபின் 10.6, ஃபெரிட்டின் 9. ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் புரதம். மற்றபடி நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்றே பொருள். இரும்புச்சத்து இல்லாதபோது புதிய சிவப்பணுக்களின் உற்பத்தி மந்தமாகிறது. சுற்றிவரும் அணுக்களின் சராசரி வயது கூடுகிறது. வயது கூடிய அணுவில் குளுக்கோஸ் ஒட்டுவதற்கு அதிக காலம் கிடைக்கிறது. சர்க்கரை உண்மையில் ஏறாமலேயே ஹெச்பிஏ1சி ஓரளவு கூடுதலாகக் காட்டக்கூடும். இரத்தப்போக்கு, சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய்கள், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டது ஆகியவற்றில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, எண் குறைவாகக் காட்டும்.

ஆகவே, ‘இந்த 6.1 என்பது இரும்புச்சத்துக் குறைவால் கூடியிருக்கலாமா’ என்பதை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். அதைவிட முதன்மையான கேள்வி ஒன்றும் உண்டு. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனவருக்கு இரும்புச்சத்து இந்த அளவுக்குக் குறைந்தால், உணவை மட்டும் காரணமாகக் கொண்டு விட்டுவிடக் கூடாது. இரைப்பையிலோ குடலிலோ சிறுகச் சிறுக இரத்தம் கசிகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். இந்த அறிக்கையில் உடனே கவனிக்க வேண்டிய வரி எது என்று என்னைக் கேட்டால், தடித்த எழுத்தில் இருக்கும் ஹெச்பிஏ1சியைக் காட்டிலும் ஃபெரிட்டின் என்றே சொல்வேன்.

உணவியலாளர் (மறுமொழி)

பொட்டலம் பற்றிய கேள்விக்கு நான் எழுதுகிறேன். முகப்பில் இருப்பது விற்பவர் சொல்ல விரும்புவது. பின்புறத்தில் இருப்பது அவர் சட்டப்படி சொல்லியாக வேண்டியது. படிக்கத் தொடங்க வேண்டிய இடம் பின்புறம்தான்.

முதலில் ஆற்றல். உணவு பற்றிப் பேசும்போது நாம் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோ கலோரி. ஒரு கிலோ கலோரி 4.184 கிலோ ஜூல். உங்கள் பிஸ்கட்டின் 1,970 கிலோ ஜூலை அதனால் வகுத்தால் சுமார் 470 கிலோ கலோரி கிடைக்கும். இந்த எண்ணைப் பெரும்பாலும் யாரும் உணவை எரித்துப் பார்த்து எழுதுவதில்லை. கார்போஹைட்ரேட்டுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9, நார்ச்சத்துக்கு ஏறத்தாழ 2 என்ற கணக்கில் பெருக்கிக் கூட்டுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்பர் அட்வாட்டர் நடத்திய ஆய்வுகளிலிருந்து வந்த முறை இது. நீங்களே செய்து பாருங்கள்: 66ஐ நாலால் பெருக்கினால் 264, கொழுப்பு 162, புரதம் 32, நார்ச்சத்து 12, ஆக மொத்தம் 470. கணக்கு சரியாக நிற்பதால் இன்னொன்றும் தெரிகிறது: இந்தப் பொட்டலத்தில் நார்ச்சத்து 66க்கு வெளியே தனியாகக் காட்டப்பட்டிருக்கிறது. சில நாடுகளின் விதிப்படி நார்ச்சத்தும் கார்போஹைட்ரேட்டுக்குள்ளேயே அடங்கும். வெவ்வேறு நாட்டுப் பொட்டலங்களை அருகருகே வைத்து ஒப்பிடுபவர்கள் இதைப் பார்க்காமல் விட்டால் ஒப்பீடே தவறிவிடும்.

அந்த 22 கிராம் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை சேர்மானப் பட்டியலிலேயே இருக்கிறது. செறிவூட்டிய பழச்சாற்றிலும் தேனிலும் இருப்பவை குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இவற்றை ‘கட்டற்ற சர்க்கரைகள்’ என்ற வகையில் சேர்த்திருக்கிறது: தயாரிப்பவரோ சமைப்பவரோ உண்பவரோ சேர்க்கும் சர்க்கரை, அதனுடன் தேன், பாகுகள், பழச்சாறு, செறிவூட்டிய பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாகவே இருக்கும் சர்க்கரை. முழுப் பழத்திலும் பாலிலும் இருக்கும் சர்க்கரை இதில் சேராது. இந்த வகைச் சர்க்கரை நாளொன்றின் ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மேலும் நல்லது என்பது அவ்வழிகாட்டுதல். 2,000 கிலோ கலோரி உண்பவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். ‘சுத்திகரிக்கப்பட்ட சர்க்கரை இல்லை’ என்ற வாசகம் சொல்லளவில் பொய்யில்லை. ஆனால் இரத்தத்தில் சேரும்போது தேனின் குளுக்கோஸுக்கும் வெள்ளைச் சர்க்கரையின் குளுக்கோஸுக்கும் வேறுபாடு கிடையாது. நோயாளிகளை நம்பவைத்து இத்தகைய பண்டங்களை விற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

‘டிரான்ஸ் கொழுப்பு 0’ என்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பல நாடுகளில், ஒரு பரிமாறலில் குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாக இருந்தால் 0 என்று அச்சிட அனுமதி உண்டு. அமெரிக்காவில் அந்த அளவு 0.5 கிராம். சேர்மானங்களில், டிரான்ஸ் கொழுப்புக்கு முக்கிய மூலமான ‘பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட எண்ணெய்’ என்ற சொல் இருந்தால், முகப்பில் என்ன எழுதியிருந்தாலும் அதைத் தவிர்ப்பதே நல்லது. உங்கள் பொட்டலத்தில் அது இல்லை. ஆனால் பாமாயில் இருக்கிறது, 8 கிராம் நிறைவுற்ற கொழுப்பும் இருக்கிறது. அம்மாவின் எல்டிஎல் 138ஐ மனத்தில் வைத்துப் பார்த்தால் நீங்கள் பார்க்க வேண்டிய வரி அதுதான்.

சோடியத்தை உப்பாக மாற்ற 2.5ஆல் பெருக்கினால் போதும்: 480 மில்லிகிராம் சோடியம் என்றால் 1.2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இனிப்புப் பண்டத்தில் இவ்வளவு உப்பா என்று பலர் வியப்பார்கள். ரொட்டி, பிஸ்கட் ஆகியவற்றில் நாவுக்குத் தெரியாமலேயே உப்பு நிறைய உள்ளே போகிறது.

இனி கிளைசீமிக் இண்டெக்ஸ். 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் முன்வைத்த அளவீடு இது. செரிமானமாகக்கூடிய கார்போஹைட்ரேட் 50 கிராம் இருக்கும் அளவுக்கு ஓர் உணவைக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்து, அதே 50 கிராம் குளுக்கோஸைக் குடித்தபோது ஏறிய அளவை 100 எனக் கொண்டு ஒப்பிடுகிறார்கள். 55 வரை குறைவு, 70க்கு மேல் அதிகம். இதில் கவனிக்க வேண்டியது, உணவின் எடை இங்கே நிலையாக இல்லை என்பதுதான். தர்பூசணிக்குப் பல அட்டவணைகளில் 70க்கு மேல் போட்டிருப்பதைக் கண்டு பயந்து அதை விட்டவர்கள் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி தண்ணீர். 50 கிராம் கார்போஹைட்ரேட் கிடைக்க ஒருவர் 600 கிராமுக்கும் மேல் உண்ண வேண்டும். இந்தக் குறையைச் சரிசெய்ய வந்ததே கிளைசீமிக் லோடு: இண்டெக்ஸை, உண்மையில் உண்ணும் அளவில் இருக்கும் கார்போஹைட்ரேட்டால் பெருக்கி நூறால் வகுப்பது. 120 கிராம் தர்பூசணிக்கு அது சுமார் 6தான் வரும். 10 வரை குறைவு, 20க்கு மேல் அதிகம் என்பது வழக்கு.

அதே போல, கொழுப்பு சேர்ந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும்; சர்க்கரை மெதுவாக ஏறும்; இண்டெக்ஸ் குறையும். உங்கள் பிஸ்கட்டுக்குக் கிடைத்த முத்திரையில் அதன் 18 கிராம் கொழுப்புக்கும் பங்கு இருக்கக்கூடும். இண்டெக்ஸ் குறைவு என்பது சர்க்கரை ஏறும் வேகத்தை மட்டுமே சொல்கிறது. ஓர் உணவு நல்லதா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

முல்லை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஃபெரிட்டின் பற்றி எழுதியிருக்காவிட்டால் அந்த வரியை நான் கடந்தே போயிருப்பேன். மருத்துவரைச் சந்திக்கும் நாளை முன்னதாக மாற்றிக் கேட்டிருக்கிறேன். மேலும் சில ஐயங்கள். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினால் ஹெச்பிஏ1சியை மீண்டும் எப்போது பார்ப்பது பொருத்தம்? கொலஸ்ட்ரால் 212 என்பதால் அம்மா முட்டையை அடியோடு நிறுத்திவிட்டார், அது தேவைதானா? வெளிநாட்டில் இருக்கும் என் தங்கை தன் அறிக்கையில் கொலஸ்ட்ரால் 5.5 என்று சொல்கிறாள். இவ்வளவு சிறிய எண்ணை அம்மாவின் 212 உடன் எப்படி ஒப்பிடுவது? கடைசியாக, முடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று நான் உட்கொள்ளும் மாத்திரையில் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம், தினசரித் தேவையில் 33,333 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. இந்தச் சதவீதம் அச்சுப் பிழையா?

ஆய்வகன்

இரும்புச்சத்து உடலில் சேரத் தொடங்கியதும் இளம் சிவப்பணுக்கள் கூட்டமாக வெளிவரும். அவற்றில் குளுக்கோஸ் ஒட்டக் காலம் போதாது. அதனால் சர்க்கரையில் மாற்றமே இல்லாமல் ஹெச்பிஏ1சி இறங்கும். அந்த இறக்கத்தை உணவுக் கட்டுப்பாட்டின் பயன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹீமோகுளோபின் இயல்புக்குத் திரும்பி, அணுக்கள் ஒரு சுற்று புதுப்பிக்கப்படும் அளவுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழிந்த பிறகு எடுத்தால்தான் எண்ணை நம்பலாம். இடைப்பட்ட காலத்தில் ஐயம் தீர வேண்டுமானால் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கும் சோதனை இருக்கிறது. 140க்குக் கீழ் இயல்பு; 140 முதல் 199 வரை முந்தைய நிலை; 200 முதல் சர்க்கரை நோய். சிவப்பணுவின் வயது இதில் குறுக்கிடாது. செய்யலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இதயநலம் (மறுமொழி)

கொலஸ்ட்ரால் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்கிறேன். முதலில் அலகு. சில நாடுகளில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். வேறு பல நாடுகளில் லிட்டருக்கு மில்லிமோல். கொலஸ்ட்ராலை மாற்ற 38.67ஆல் வகுக்க வேண்டும். அம்மாவின் 212 அப்போது 5.48 ஆகிறது, அதாவது உங்கள் தங்கையின் அளவும் அம்மாவின் அளவும் ஏறக்குறைய ஒன்றே. குளுக்கோஸை மாற்ற 18ஆல் வகுக்க வேண்டும். அம்மாவின் 98 அப்போது 5.44. ஒரே அலகில், ஏறத்தாழ ஒரே எண்ணாக நிற்கும் இந்த இரண்டில், வெறும் வயிற்றுக் குளுக்கோஸாக 5.4 இயல்பு, மொத்தக் கொலஸ்ட்ராலாக 5.5 விரும்பத்தக்க அளவாகிய 5.2ஐத் தாண்டியது. எண்ணை மட்டும் தொலைபேசியில் சொல்லி ஒப்பிடுபவர்கள் சோதனையின் பெயரையும் அலகையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்டிஎல், ஹெச்டிஎல் என்பவை இரண்டு விதமான கொலஸ்ட்ரால் அல்ல. கொலஸ்ட்ரால் ஒன்றுதான், அது இரத்தத்தில் கரையாது என்பதால் புரதமும் கொழுப்பும் சேர்ந்த நுண்துகள்களில் ஏறிப் பயணம் செய்கிறது. எல்டிஎல் துகள்கள் கொலஸ்ட்ராலைத் திசுக்களுக்குக் கொண்டு செல்பவை. அவை மிகுந்து நெடுங்காலம் சுற்றினால் தமனிச் சுவருக்குள் நுழைந்து படிகின்றன. ஹெச்டிஎல் துகள்கள் திசுக்களிலிருந்து கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குத் திரும்பக் கொண்டுவருவதில் பங்கு கொள்பவை. ஆயினும் மருந்தால் ஹெச்டிஎல் எண்ணை உயர்த்திய பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. எனவே ‘நல்ல கொலஸ்ட்ரால் நிறைய இருக்கிறது, கெட்டது கூடினாலும் பரவாயில்லை’ என்ற ஆறுதலுக்கு அடிப்படை இல்லை.

உங்கள் அறிக்கையின் 138 பெரும்பாலும் கணக்கிட்டு எழுதியதாக இருக்கும். மொத்தம் 212இலிருந்து ஹெச்டிஎல் 46ஐயும், இரத்தத்தில் உள்ள வேறொரு வகைக் கொழுப்பாகிய டிரைகிளிசரைடு 140இல் ஐந்தில் ஒரு பங்கான 28ஐயும் கழித்துப் பாருங்கள், சரியாக 138. 1972இல் ஃபிரீட்வால்ட் குழுவினர் வெளியிட்ட வாய்பாடு இது. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இது பொருந்தாது என்பதால், அப்போது எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்வார்கள். 212இலிருந்து 46ஐ மட்டும் கழித்தால் வரும் 166ஐ ‘ஹெச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால்’ என்பார்கள். தமனிக்குத் தீங்கு செய்யக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் அதில் அடங்குவதால் மருத்துவர்கள் இப்போது அதையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

முட்டைக்கு வருவோம். உடலில் இருக்கும் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடலே உண்டாக்கிக்கொள்கிறது. உணவிலிருந்து கூடுதலாக வந்தால் பெரும்பாலோரிடம் உற்பத்தியும் உறிஞ்சுதலும் ஓரளவு குறைந்து ஈடுசெய்கின்றன. கல்லீரல் தன் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளால் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளிழுக்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்தவர்கள் மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும், அவர்களுக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் இந்த ஏற்பிகளின் செயல் குறைந்து, துகள்கள் இரத்தத்திலேயே தங்குகின்றன. ஒரு பெரிய முட்டையில் கொலஸ்ட்ரால் 200 மில்லிகிராமை ஒட்டி இருந்தாலும் நிறைவுற்ற கொழுப்பு 2 கிராமுக்கும் குறைவு. அந்த ஓட்ஸ் பிஸ்கட்டின் 100 கிராமில் 8 கிராம். எதை முதலில் குறைப்பது என்பது இதிலிருந்தே விளங்கும். பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களுக்கும் சர்க்கரை நோய் உறுதியானவர்களுக்கும் முட்டை பற்றிய அறிவுரை வேறாக இருக்கலாம் என்பதால் அளவை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; அடியோடு நிறுத்தியதால் அம்மா இழந்தது நல்ல புரதத்தையும் வைட்டமின் பி12ஐயும்.

குறைப்பதோடு, சேர்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஓட்ஸ், பார்லி, பருப்பு வகைகள், பழங்கள் ஆகியவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. இழந்த பித்தத்தை மீண்டும் உண்டாக்கக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் தேவைப்படுவதால் அது இரத்தத்திலிருந்து எல்டிஎல்லைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. இதற்கு ஓட்ஸை ஓட்ஸாகவே உண்ண வேண்டும்.

மருந்தாளுநர் (மறுமொழி)

அந்த 33,333 சதவீதம் அச்சுப் பிழை அன்று. பெரியவர்களுக்குப் பயோட்டின் நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதுமானது என்று கொள்கிறார்கள். 10,000ஐ 30ஆல் வகுத்தால் 333 மடங்கு.

தினசரித் தேவையின் சதவீதம் என்பதைப் பலர், 100ஐ எட்டாவிட்டால் குறைபாடு, தாண்டினால் கூடுதல் நலம் என்று எண்ணுகிறார்கள். பரிந்துரைக்கும் அளவு அப்படி வகுக்கப்படுவதில்லை. நலமாக இருக்கும் மக்களின் சராசரித் தேவையைக் கண்டு, அதற்கு மேல் ஓர் இடைவெளி சேர்த்து, ஏறத்தாழ 97 முதல் 98 சதவீதத்தினருக்குப் போதும்படி அதை உயர்த்தி வைக்கிறார்கள். ஆகவே 80 சதவீதம் கிடைப்பவருக்கும் பெரும்பாலும் தேவை நிறைவேறியிருக்கலாம். மேல் வரம்பு என்பது தனி எண். ஒவ்வொரு சத்துக்கும் அது வேறு. வைட்டமின் டியில் 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு மருத்துவ மேற்பார்வை இல்லாமல் நாளொன்றுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை, உடலில் தங்கும். குறிப்பாக ரெட்டினால் வடிவிலான வைட்டமின் ஏ அளவு மிஞ்சினால் கருவுக்கே ஊறு செய்யும்.

‘ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது’ என்ற வாசகமும் இத்தகைய மாத்திரைகளில் அடிக்கடி வரும். காய்கறியும் பழமும் நிறைய உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் கண்டு, அவற்றில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட்களில் ஒன்றான பீட்டா கரோட்டினைத் தனியாகப் பிரித்து மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வையும் இதே காரணத்தால் 1996இல் இடையிலேயே நிறுத்தினார்கள். முழு உணவில் இருக்கும்போது ஒரு பொருள் செய்வதையே, பிரித்துப் பெரிய அளவில் கொடுக்கும்போதும் செய்யும் என்று கொள்ள முடியாது.

பயோட்டினில் நஞ்சுத்தன்மை பெரிதாக அறியப்படவில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பல ஆய்வகக் கருவிகளில் ஹார்மோன்களையும் சில புரதங்களையும் அளக்கும் முறை, பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றோடொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்பைக் கொண்டே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இரத்தத்தில் வெளியிலிருந்து வந்த பயோட்டின் மிகுந்திருந்தால் அது நடுவில் புகுந்து அளவீட்டைக் கெடுத்துவிடும். தைராய்டு நலமாக உள்ளவருக்கு, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் குறைவாகவும் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 அதிகமாகவும் காட்டி, தைராய்டு மிகையாகச் சுரப்பது போன்ற தோற்றத்தைத் தரும். மாரடைப்பை உறுதிசெய்ய அளக்கும் இதயத் தசைப் புரதமான டிரோபோனின், உண்மையில் உயர்ந்திருந்தும் குறைவாகக் காட்டக்கூடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இல் இது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. எல்லாக் கருவிகளும் இந்த முறையில் இயங்குபவை அல்ல. உங்கள் ஆய்வகத்தில் எந்த முறை என்பதை அங்கேயே கேட்டால் சொல்வார்கள். இத்தகைய சோதனை எதற்காவது நீங்கள் இரத்தம் கொடுக்க நேர்ந்தால் இந்த மாத்திரையின் பெயரையும் அளவையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; இவ்வளவு பெரிய அளவை உட்கொள்பவர்களைக் குறைந்தது இரண்டு மூன்று நாட்கள் நிறுத்திவிட்டு வரச் சொல்வது வழக்கம்.